முன்சீட்டுப் பள்ளம்

கிட்டே வந்து உட்காருங்கள் கண்ணுகளா. வெறுந்தரையில் வேண்டாம், அந்தக் கோணியை மடித்துப் போட்டுக்கொள்ளுங்கள். முதுகைச் சுவரில் கொடுத்து, காலை நீட்டிக்கொள்ளுங்கள், நான் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டேன். உட்கார்ந்த இடம் உறுத்தினால் மனசு கதையில் நிற்காது. இன்றைக்குச் சொல்லப்போவதும் உட்கார்ந்த இடத்தைப் பற்றியதுதான். எங்கள் திருத்தணியில் ஒரு காரின் முன்சீட்டு ஒரு குடும்பத்தையே பிடித்து வைத்துக்கொண்ட கதை.

எழுபத்தாறு, எழுபத்தேழு வாக்கில் ரயில் நிலையத்துக்கு எதிரே புளியமரத்தடியில் வாடகைக் கார்கள் நிற்கும். பட்டணத்து ரயில் வந்ததும் மொட்டை போட வந்தவர்களும் காவடி கொண்டுவந்தவர்களும் இறங்குவார்கள். "மலைக்கா சார், மலைக்கா?" என்று டிரைவர்கள் ஓடுவார்கள். அந்த வரிசையில் நின்ற வெள்ளை அம்பாசிடர் கங்காதரனுடையது.

சின்ன வயதில் வந்த காய்ச்சலில் கங்காதரனுக்கு வலது கால் சூம்பிக் குட்டையாகிப் போயிருந்தது. ஒவ்வொரு அடிக்கும் வலது தோள் தாழ்ந்து எழும். தாழும்போது கை தொடையில் ஊன்றிக்கொள்ளும். காரில் ஏறிவிட்டாலோ அவர் ராஜா. ஆக்சிலேட்டர் எட்ட வேண்டும் என்று வலது இடுப்பை முன்னால் தள்ளி, கதவுப் பக்கம் சாய்ந்து உட்காருவார். திருப்பதி, காளஹஸ்தி, சோளிங்கர் என்று வருஷக்கணக்கில் அப்படியே உட்கார்ந்து ஓட்டியதில் முன்சீட்டின் தேங்காய் நாரும் ஸ்பிரிங்கும் அவர் உடம்புக்குத் தக்கபடி அமுங்கி, கோணலாக ஒரு பள்ளம் விழுந்துவிட்டது.

ஒரு பங்குனி மத்தியானம், சாப்பிட்டுக் கை கழுவியவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அவ்வளவுதான். பிள்ளை குட்டி கிடையாது. மனைவி மனோரமா மட்டும் அந்த நீள வீட்டில் தனியாக நின்றாள்.

வீட்டின் பின்கட்டில், தகரம் போட்ட அறையில், எல்லப்பனும் அவன் பெண்டாட்டி அம்சாவும் இருந்தார்கள். எல்லப்பன் வண்டி கழுவ வந்தவன். கங்காதரன்தான் ஸ்டியரிங்கைக் கையில் கொடுத்துப் பழக்கி, லைசென்சும் எடுத்துக் கொடுத்தவர். அம்மையார்குப்பத்தில் தறிக்காரர் வீட்டில் பெண் பார்த்துக் கட்டிவைத்தவரும் அவர்தான். பின்கட்டுக்கு வாடகை கிடையாது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் மனோரமா அவனைக் கூப்பிட்டாள்.

"எல்லப்பா, வண்டிய இனிமே நீயே ஓட்டு. உன் பங்கு எடுத்துக்கினு மிச்சத்த எங்கிட்ட குடு. வூட்டையும் காலி பண்ண வாணாம். ஒண்ணே ஒண்ணு. அவரு உக்காந்த எடத்துல கை வெக்காத. தைக்கிறேன், மாத்துறேன்னு எதுவும் பண்ணாத."

"அய்யய்யோ, அது இன்னாத்துக்கும்மா மாத்தணும்? அவரு எடத்துல என்னை உக்காரச் சொல்றீங்களே, அதுக்கே நான் குடுத்து வெச்சிருக்கணும்" என்று எல்லப்பன் அழுதான்.

அழுதுகொண்டு சொன்ன வார்த்தையைப் பிறகு எப்படித் திருப்பி வாங்குவது?

வெள்ளிக்கிழமைதோறும் விடியற்காலையில் மனோரமா கார் நிற்கும் தெருமுனைக் கொட்டகைக்கு வருவாள். கங்காதரன் சீட்டின்மேல் போட்டு உட்காரும் பூந்துண்டைத் துவைத்துக் கொண்டுவந்து, அந்தப் பள்ளத்தின் வளைவுக்குத் தக்கபடி தடவித் தடவி விரிப்பாள். தூங்குகிற பிள்ளைக்குப் போர்த்துகிற மாதிரி இருக்கும். எல்லப்பன் எட்டி நின்று பார்த்துக்கொண்டிருப்பான்.

அவனுக்கு இரண்டு காலும் நல்ல கால், கண்ணுகளா. நல்ல கால்காரன் அந்தப் பள்ளத்தில் உட்கார்ந்தால் என்ன ஆகும்? வலது இடுப்பு உள்ளே இறங்கும். இடது முழங்கால் ஸ்டியரிங்குக்கு அடியில் போய் இடிக்கும். ரோட்டை நேராகப் பார்க்கக் கழுத்தை இடது பக்கம் ஒடிக்க வேண்டும். பிழிந்து வைத்த துணி மாதிரி நாள் முழுக்க முறுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். முதலில் தொடை மரத்தது. ஆடி மாதத்தில் இடுப்பில் ஒரு குத்தல் வந்தது. கார்த்திகை மழையில் ரோடெல்லாம் குண்டும் குழியுமான பிறகு வலி குதிகால்வரை இறங்கிவிட்டது. திருப்பதி போய்வந்து இறங்கினால் கதவைப் பிடித்தபடி நிற்பான். வலது கால் யாரோ கொடுத்த கால் மாதிரி தொங்கும். கொட்டகையிலிருந்து தெருவில் இழுத்து இழுத்து நடந்து, வீட்டு வாசல் வந்ததும் காலை உதறிச் சரிசெய்துகொண்டு உள்ளே நுழைவான். மனோரமா அம்மா பார்த்து வருத்தப்படக் கூடாதாம்.

வாசலில் அவனுக்காகக் காத்திருப்பது மகள் வள்ளி. அப்போதுதான் சுவரைப் பிடித்து நிற்கப் பழகியிருந்தாள். "நைனா" என்று இரண்டு கையையும் தூக்குவாள். அவனால் குனிய முடியாது. மெல்ல மண்டி போட்டு உட்கார்ந்து, "ஏறிக்கடி தங்கம்" என்பான். அவள் தோளில் தொற்றியதும் எழுந்திருக்க முடியாமல் அப்படியே கிடப்பான். அம்சா வந்து பிள்ளையைப் பிரித்தெடுத்தால்தான் எழுவான்.

காலையில் அம்சா தவிட்டை உப்போடு வறுத்து, துணியில் முடிந்து ஒத்தடம் கொடுப்பாள்.

"பாவா, கொஞ்சம் திரும்பு."

"அய்ய, சூடுடி! தோசையா சுடுற?"

"தோசைன்னா ரெண்டு பக்கமும் வெந்து எழுந்துக்கும். நீ எந்தப் பக்கம் போட்டாலும் ஒட்டிக்கினு கீற."

"முந்தாநாள் நொச்சி. நேத்து கற்பூரத் தைலம். இன்னிக்குத் தவிடு. அப்பால இன்னா, மொளகாப் பொடி தடவி எண்ணெயில போட்டுடு."

"மருந்து இன்னா பண்ணும்? வெடிஞ்சா திரும்பியும் அந்தப் பள்ளத்துல போய் உழுற. அக்காகிட்ட ஒரு வார்த்த சொன்னா இன்னா?"

"வாய மூடு. இன்னான்னு சொல்றது? உன் புருஷன் உக்காந்த எடம் என்னைக் கடிக்குதுன்னா?"

களியை உருட்டி, கீரைக் கடைசலில் தோய்த்து அவன் வாய்க்கே கொண்டுபோவாள். நிமிர்ந்து உட்கார்ந்து சாப்பிடவும் அவனால் ஆகவில்லை.

தை பிறந்ததும் அம்சா தாய்வீட்டுக்குப் போய்வந்தாள். அண்ணன் தறியில் விழுந்த கழிவு நூலை மூட்டை கட்டிக்கொண்டு வந்து, ஒரு பக்கம் தடிப்பாகவும் மறுபக்கம் மெலிசாகவும் ஒரு சின்ன மெத்தை தைத்தாள். பள்ளத்தில் அதை வைத்தால் சீட்டு சமமாகிவிடும். எல்லப்பன் கொஞ்ச நாள் மனுஷனாக உட்கார்ந்து வண்டி ஓட்டினான். வியாழக்கிழமை ராத்திரியானால் மெத்தையை டிக்கியில் ஒளித்துவிடுவான். ஒரு வியாழன் காளஹஸ்தி சவாரி போய்க் களைத்து வந்தவன் மறந்துபோனான்.

மறுநாள் காலையில் மனோரமா மெத்தையைக் கையில் வைத்துக்கொண்டு பின்கட்டு வாசலில் வந்து நின்றாள்.

"அம்சா, இது உன்னுதா?"

"ஆங், அக்கா. அவருக்கு இடுப்பு..."

"எங்க அவருக்கும் இடுப்பு வலிக்கும். ஒரு நாளாச்சும் இந்த மாதிரி எதுனா வெச்சுக்கினாரா?"

"இல்லக்கா, இது மேலதான் வெக்கிறது. எடுத்துட்டா பழையபடி..."

"பள்ளம் தூந்துபூடும் அம்சா." மனோரமாவின் குரல் இறங்கிவிட்டது. "அவரு படம் கூட ஒண்ணு சரியா இல்ல. அதுவும் தூந்துட்டா, எனக்கு அப்பால இன்னா கீது சொல்லு."

திட்டியிருந்தால் அம்சா பதிலுக்கு இரண்டு வார்த்தை பேசியிருப்பாள். வாய் உள்ளவள்தான்.  மெத்தையை வாங்கி, பிள்ளைக்குத் தலைமாட்டில் வைத்தாள்.

புளியமரத்தடியில் வீரபத்திரன் என்று ஒரு டிரைவர், எல்லப்பனின் கூட்டாளி. "வேற வண்டி பாத்துக்கினு போயேண்டா" என்றான்.

"எந்த வண்டி காலியா கீது? உன்னுதா?"

"என்னுது நான் செத்தாத்தான் காலி."

"அப்போ சொல்லு, எப்போ சாவுற?"

சிரித்தார்கள். சிரிக்கும்போதும் எல்லப்பன் இடுப்பைப் பிடித்துக்கொண்டான். வண்டியை விட்டால் வீட்டையும் விட வேண்டும். வீட்டை விட்டால், தொழில் சொல்லிக்கொடுத்த மனுஷன் செத்ததும் பெண்டாட்டியைத் தனியே விட்டுப் போனான் என்று ஊர் சொல்லும். ஊர் சொல்லாவிட்டாலும் அவனே சொல்லிக்கொள்வான்.

மாசி மாதம் அரக்கோணத்திலிருந்து கை ஒடிந்த ஒரு அம்மாளைப் புத்தூர் கட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனான். உங்களுக்குத் தெரியுமே, எலும்பு முறிந்தால் எங்கள் பக்கத்தில் நகரி தாண்டிப் புத்தூருக்குத்தான் ஓடுவார்கள். அந்த அம்மாளுக்குப் பச்சிலை வைத்துக் கட்டிக்கொண்டிருந்த பெரியவர், தண்ணீர் குடிக்க உள்ளே வந்த எல்லப்பனை நிமிர்ந்து பார்த்தார்.

"புட்டினப்பட்டி நுஞ்சா?" என்றார். பிறந்ததிலிருந்தா என்று கேட்கிறார்.

"இன்னாதுங்க?"

"ஆ காலு" என்று வலது காலைக் காட்டினார்.

"எனக்குக் காலு நல்லாத்தான் கீதுங்க. இடுப்புதான் வலி."

பெரியவர் அவனைக் குப்புறப் படுக்கவைத்து முதுகைத் தடவினார். இரண்டு குதிகாலையும் சேர்த்து வைத்துப் பார்த்தார். "எலும்புக்கு ஒண்ணும் லேது. நான் கட்டறதுக்கு எதுவும் இல்ல. இடுப்பு கோணிக்கினு காலை மேல இழுக்குது. எங்க உக்காருற?"

"வண்டியில."

"ஆ எடத்த மாத்து. லேதண்டே, மாத்தாம போனா, இந்த நொண்டி நடையே உனக்கு நிலைச்சுபூடும்" என்று சொல்லிவிட்டு மறுபடி அந்த அம்மாளின் கையைப் பிடித்தார்.

திரும்பும் வழியில் நகரியில் டீ குடிக்க நிறுத்தினான். டீக்கடைக்குப் பக்கத்தில் ஒரு துணிக்கடை. வாசலில் ஆளுயரக் கண்ணாடி. அதில் யாரோ தெருவைக் கடந்து வந்தார்கள். வலது தோள் தாழ்ந்து எழுந்தது, கை தொடையில் ஊன்றியது. 'முதலாளி வர்றாரு' என்று எல்லப்பனுக்குத் தோன்றி, கையிலிருந்த பீடியைக் கூடக் கீழே போட்டுவிட்டான். அப்புறம்தான் முகத்தைப் பார்த்தான்.

அவன் அன்றைக்கு டீ குடிக்கவில்லை.

சாவு விழுந்த வீட்டார் வருஷம் திரும்பும்வரை மலை ஏற மாட்டார்கள். தெவசம் கொடுத்த பிறகு வந்த கிருத்திகைக்கு மனோரமா, "வண்டிய எடு எல்லப்பா, சாமிய பாத்துட்டு வரலாம்" என்றாள். கங்காதரன் போன பிறகு அவள் அந்தக் காரில் ஏறியது அன்றுதான். பின்சீட்டில் உட்கார்ந்தாள். மலைப்பாதையின் வளைவு ஒவ்வொன்றுக்கும் எல்லப்பன் பல்லைக் கடித்தான். மேலே போய் நிறுத்தி, இறங்கி, அவளுக்குக் கதவு திறக்க வண்டியைச் சுற்றி வந்தான்.

மனோரமா இறங்கவில்லை. திறந்த கதவுக்குள் உட்கார்ந்தபடி அவனையே பார்த்தாள்.

"இறங்குங்கம்மா."

"அந்தக் கடையில ஒரு மால வாங்கினு வா எல்லப்பா."

போனான். வந்தான். மாலையை வாங்கிக்கொண்டுதான் இறங்கினாள். சந்நிதியில் அவள் சாமியை எவ்வளவு நேரம் பார்த்தாளோ எனக்குத் தெரியாது. 

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் அவளுக்கு ஒரு சவாரி வேண்டும். திருவாலங்காடு ரோட்டில் கரும்புத் தோட்டம்வரை போவாள். "நிறுத்து. தொ, அந்தக் கடையில ஒரு சோடா வாங்கினு வா" என்பாள். வாங்கி வந்த சோடாவைக் குடிக்க மாட்டாள். அவள் பார்ப்பது முதலாளியின் நடையை என்று எல்லப்பனுக்குப் புரிந்துவிட்டது. புரிந்தபின் கூச்சத்தில் கால் இன்னும் இழுத்தது. சரியாக நடக்கலாம் என்று முயன்றால், எது தன் பழைய நடை என்பது மறந்துபோயிருந்தது.

சித்திரையில் ஒரு நாள், பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த கங்காதரனின் வெள்ளைச் சட்டைகளை எடுத்துக் கொடுத்தாள். "சும்மா பூச்சிதானே அரிக்குது, போட்டுக்கோ."

மரத்தடியில் வீரபத்திரன் சட்டையைப் பார்த்தான். "இன்னாடா, காலு வந்துச்சு, சட்டையும் வந்துடுச்சு. இனிமே அவரு மீசை ஒண்ணுதான் பாக்கி" என்றான். இந்த முறை ஒருத்தரும் சிரிக்கவில்லை.

அந்தச் சட்டையோடு வந்தவனைப் பார்த்ததும் அம்சா தகரப் பெட்டியைக் கீழே இறக்கினாள்.

"நான் எங்க ஊருக்குப் போறேன். நீ வர்றதுன்னா வா. இல்லன்னா இங்கியே அவருக்குப் பதிலா இரு."

"பைத்தியமா உனக்கு? அங்க வந்து இன்னா பண்றது? எனக்குத் தறி தெரியுமா, நூலு தெரியுமா?"

"ஒக்காந்து தின்னு. எங்க அண்ணன் சோறு போடும்."

"எவ்ளோ நாளு போடும்? அந்தம்மா தனியா கீதுடி. ராத்திரி தண்ணி வேணும்னாலும் நம்மளத்தானே கூப்பிடுது."

"எனக்கு மட்டும் அக்கா மேல கோவமா பாவா? எனக்கு பிரசவம் பாத்தது யாரு? ஆனா உன்ன முழுசா முழுங்கிக்கினு கீதே அந்த சீட்டு. நாளைக்கு வள்ளி வந்து 'எங்க நைனா எங்க'ன்னு கேட்டா, யாரக் காட்டுறது?"

அவன் வெளியே இறங்கி ஸ்டேஷன் சவாரிக்குப் போய்விட்டான். அன்றைக்கு மனோரமா தலைவலி என்று தன் சாயங்காலச் சவாரிக்குப் போகவில்லை. முன்கட்டில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அம்சா பெட்டியையும் பிள்ளையையும் கொண்டுவந்து முன்வாசலில் வைத்தாள். சொல்லாமல் போக மனசு வரவில்லை.

"இன்னா அம்சா, பெட்டி?"

அம்சா வாயைத் திறக்குமுன் தெருமுனையில் கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. "நைனா!" என்று வள்ளி சுவரை விட்டாள். அந்த வாரம்தான் சுவரைப் பிடிக்காமல் நடக்க ஆரம்பித்திருந்தாள். வாசலிலிருந்து தெருவுக்குப் போனாள். போய் அப்பனின் விரலைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தாள்.

அப்பனின் வலது தோள் தாழ்ந்தது. அவள் தோளும் தாழ்ந்தது. அப்பன் கை தொடையில் ஊன்றியது. அவளும் சின்னக் கையைத் தொடையில் ஊன்றிக்கொண்டு, வலது காலை இழுத்து, அடுத்த அடியை வைத்தாள். தினம் தெருவில் அவள் பார்த்த நடை அதுதானே? மனுஷர்கள் இப்படித்தான் நடப்பார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

"பாரேன் இந்தக் குட்டிய, அச்சு அசலா..." என்று மனோரமா சிரித்தாள்.

சிரிப்பு பாதியில் நின்றது. கீரைக் காம்பு கையிலேயே இருந்தது.

"வள்ளி, அவன் கைய விட்டுட்டு இங்க வாடா."

குழந்தை தனியாக வந்தது. அப்போதும் அதே நடை. தாழ்ந்து, எழுந்து, கையை ஊன்றி. மனோரமா அவளைப் பிடித்து மடியில் போட்டு, அந்த வலது காலைத் தொடையிலிருந்து பாதம்வரை தடவிப் பார்த்தாள். மறுபடி தடவினாள். கொழுகொழுவென்று இருந்தது.

"நல்ல காலுடி உனக்கு. நல்ல காலு" என்றாள். அப்புறம் யாரையும் பார்க்காமல் பேசினாள். "ரோட்டுல அவரு நடந்து போனா பசங்க பின்னாலயே இப்படி நொண்டிக்கினு வருவானுங்க. திரும்பிப் பாத்தா நேரா நின்னுக்குவானுங்க. கல்யாணம் ஆன புதுசுல நானே பாத்திருக்கேன். அதுக்குத்தான் அம்சா அவரு வண்டி வாங்குனாரு. வண்டியில உக்காந்தா யாருக்கும் நடை தெரியாதுல்ல."

எல்லப்பன் வாசற்படியில் கதவைப் பிடித்து நின்றான்.

"அவரு ஒளிச்சு வெச்சத நான் தினம் சோடா வாங்க அனுப்பி வேடிக்கை பாத்துக்கினு இருந்தேன்."

"அக்கா, அப்படியெல்லாம் இல்லக்கா" என்றாள் அம்சா. பெட்டி மேல் வைத்திருந்த கை தானாக விலகிவிட்டது.

"பதினாறு அன்னிக்கு அவரு படுத்த பாயி, தலகாணி, போர்வை எல்லாத்தையும் வண்ணாருக்குக் குடுத்துட்டாங்க. நான் ஒண்ணுமே சொல்லல. மனசுக்குள்ள, 'எடுத்துக்கினு போங்க, இது ஒண்ணு எங்கிட்ட கீது'ன்னு நெனச்சுக்கினேன். செத்தவங்க படுக்கையில உயிரோட கீறவன உக்கார வெச்சிருக்கேன்." குழந்தையைத் தரையில் நிற்கவைத்தாள். "எல்லப்பா, அந்தச் சட்டைய கழட்டு. நாளைக்குக் காலையில சவாரி எடுக்காத."

மறுநாள் மூவருமாக அரக்கோணத்தில் தங்கவேல் குஷன் கடைக்குப் போனார்கள். நான்கு பேர் என்று சொல்ல வேண்டும், வள்ளியும் மடியில் இருந்தாள். தங்கவேல் சீட்டைக் கழற்றி வெளியே போட்டு, ரெக்சினை நீளமாகக் கிழித்தார். உள்ளே பள்ளம் பள்ளமாகவே இருக்கும், ஒரு தரம் பார்த்துவிட்டு விட்டுவிடலாம் என்று மனோரமா கிட்டே போய்க் குனிந்தாள். நார் அவள் கண்ணெதிரே பொடியாக உதிர்ந்தது. இத்தனை நாள் அமுங்கிக் கிடந்த ஸ்பிரிங்குகள் படக்கென்று எழுந்து நின்றன. பள்ளம் இருந்த இடமே தெரியவில்லை.

"அவ்ளோதானா?" என்றாள்.

"அவ்ளோதாம்மா, உள்ள ஒண்ணும் இல்ல, எல்லாம் மக்கிப்போச்சு" என்றார் தங்கவேல், நார் கேட்கிறாள் என்று நினைத்து.

பூந்துண்டை அவள் பையில் கொண்டுவந்திருந்தாள். அதில் அந்தப் பொடியை அள்ளி முடிந்தாள். வரும் வழியில் நந்தியாற்றுப் பாலத்தில் வண்டியை நிறுத்தச் சொல்லி, தானே இறங்கிப் போய்த் தண்ணீரில் விட்டுவிட்டு வந்தாள். எல்லப்பனை இறங்க விடவில்லை.

புது சீட்டு கல் மாதிரி இருந்தது. ரொம்ப உயரம். "ரோடே வேற மாதிரி தெரியுதும்மா" என்றான் எல்லப்பன். ஆனால் உடம்பு அத்தனை சீக்கிரம் விடுமா? இல்லாத பள்ளத்தைத் தேடி அவன் இடுப்பு வலது பக்கமே சாய்ந்தது. வெள்ளிக்கிழமை விடிந்தால் மனோரமா வழக்கம்போல் கொட்டகைக்கு வருவாள். கையில் துண்டு இருக்காது. ஜன்னல் வழியாகக் கையை நீட்டி அவன் தோளில் ஒன்று வைப்பாள். "நிமிந்து உக்காருடா. எங்க சாயிற?"

வள்ளி அடுத்த கிருத்திகைக்குள் நேராக நடந்துவிட்டாள். குழந்தைகளுக்கு எல்லாம் சீக்கிரம் மறந்துவிடும். எல்லப்பனுக்குக் குனிந்து மகளைத் தூக்க முடிந்தபோது அவள் தூக்குகிற வயதைத் தாண்டியிருந்தாள்; ஆனாலும் ஒரு தரம் தூக்கினான், தெருவே பார்க்கத் தூக்கினான். மழைக்காலத்தில் மட்டும் அந்தக் கால் இழுக்கும். கடைசிவரை அவன் அந்த வண்டியைத்தான் ஓட்டினான், அந்தப் பின்கட்டில்தான் இருந்தான். மழை நாளில் அவன் தெருவில் வந்தால் மனோரமா முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விடுவாள். அம்சா மட்டும் வாசலில் நின்று, அவன் வீட்டுக்குள் வந்து சேரும்வரை பார்த்துக்கொண்டிருப்பாள்.

போதும், எழுந்திருங்கள் கண்ணுகளா. மெதுவாக, கையை ஊன்றி. கால் மரத்துப் போனவர்கள் உதறிக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டில் போனவர்கள் நிம்மதியாகப் போகட்டும், இருப்பவர்கள் அவரவர் இடத்தில் இருக்கட்டும். உங்கள் பிள்ளைகள் நேராக நடக்கிறவர்களின் விரலைப் பிடித்து நடை பழகட்டும். தணிகைமலையான் உங்கள் இடுப்புக்கும் காலுக்கும் ஒரு குறையும் வைக்காமல், வெளியே போன எல்லோரையும் சாயங்காலம் வாசலுக்குக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.